ஒன்பதாயிரம் லிட்டர் மந்திரித்த தண்ணீர்

இருபத்தாறு வருடம் நகராட்சித் தண்ணீர் வண்டி ஓட்டிய அந்த மனிதரை ஊரே தண்ணிவண்டி என்றுதான் கூப்பிட்டது. பட்டப்பெயரைக் கேட்டு வேறு மாதிரி நினைத்துவிட வேண்டாம். டீயைத் தாண்டி எதையும் அவர் வாயில் வைத்தது கிடையாது. சாலையின் நடுத்திட்டில் நிற்கும் செடிகளுக்குத் தண்ணீர் விடுவது அவர் வேலை. வண்டி மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும். பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடிப்பார்கள், கையை நீட்டித் திட்டுவார்கள். வண்டி மேலிருந்த ஒலிபெருக்கியில் அவர், "மன்னிச்சுக்கங்க, இன்னும் நாலு செடிதான்" என்று சொல்வார். அந்த ஒலிபெருக்கி "தண்ணி வண்டி வருது, ஒதுங்கிக்கங்க" என்று அதட்டுவதற்காக நகராட்சி பொருத்திக் கொடுத்தது. அதட்டுவது அவருக்கு வராது.

அவருக்கு ஒரு வியாதி இருந்தது. பயம் வந்தால் உண்மையைச் சொல்லிவிடுவார். மற்றவர்கள் பயந்தால் பொய் சொல்வார்கள். இவருக்கு வயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. வேலைக்கு நேர்காணலுக்குப் போனபோது அதிகாரி, "வண்டி நல்லா ஓட்டுவியா?" என்று கேட்டார். "முன்னாடி ஓட்டுவேன் சார், பின்னாடி எடுக்க வராது" என்றார். காலையிலிருந்து பொய்யாகவே கேட்டுக் காது புளித்துப்போயிருந்த அதிகாரி அந்த நிமிடமே வேலையைக் கொடுத்துவிட்டார். கல்யாணம் பேசும்போது மாமனார், "பொண்ணைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்க, "பொண்ணைப் பிடிச்சிருக்கு, உங்களைப் பார்த்தாத்தான் பயமா இருக்கு" என்றார். மாமனார் அதற்கப்புறம் ஒரு வருடம் பேசவில்லை.

ஆனால் மாமனார், அதிகாரி, போலீஸ் எல்லோரையும் சேர்த்துக் கட்டி ஒரு தட்டில் வைத்தாலும் இன்னொரு தட்டில் அவருடைய அக்கா உட்கார்ந்தால் அக்கா பக்கம்தான் தாழும். அம்மா அப்பா இல்லாமல் போனபோது தம்பிக்கு ஐந்து வயது, அக்காவுக்குப் பதினாறு. அன்றிலிருந்து குளிப்பாட்டி, சோறு ஊட்டி, காதைத் திருகி ஆளாக்கியவள் அவள். ஐம்பத்தொரு வயதிலும் அக்கா "டேய்" என்றால் அவர் கை தானாகக் காதை மூடிக்கொள்ளும்.

அக்கா பிரார்த்தனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். முப்பது வருடமாகத் தரை துடைப்பது, விளக்கு துடைப்பது, குப்பி கழுவுவது எல்லாம் அவள்தான். குப்பி என்றால் விரல் நீளக் கண்ணாடிக் குப்பி. வருடத்துக்கு ஒரு நாள், தண்ணீர் நாள் அன்று, குரு தண்ணீரை மந்திரித்துக் குடும்பத்துக்கு ஒரு குப்பி கொடுப்பார். அந்த நாளில் வரிசை நான்கு தெருவுக்கு நீளும். வரிசையில் முந்துகிறவர்களை அக்கா கண்ணாலேயே பின்னுக்குத் தள்ளுவாள்.

இன்னொரு வேலையும் அவளுக்கு உண்டு. குருவின் ஜெபப் புத்தகத்தில் சிவப்பு நாடா ஒன்று தொங்கும். அன்றைக்கு எந்த ஜெபமோ அந்தப் பக்கத்தில் நாடாவை எடுத்து வைப்பது அக்கா. குரு நாடா இருக்கும் இடத்தைத் திறப்பார், பாதிக் கண்ணை மூடிக்கொள்வார், ராகமாகப் படிப்பார். திருமணமா, பிள்ளைக்குப் பெயர் வைப்பதா, அடக்கமா என்பதை அவர் நாடாவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார் என்று அக்கா வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். கேட்கிறவர்களும் அவருக்குச் சளைத்தவர்கள் இல்லை. குரு நிறுத்தும் இடத்தில் எல்லாம் "ஆகட்டும்" என்று சொல்வார்கள். எதற்கு ஆகட்டும் என்று யாரும் கேட்டது கிடையாது. வார்த்தைக்கு வார்த்தை அந்த ஜெபங்கள் தெரிந்தவர்கள் ஊரில் இரண்டே பேர். ஒன்று அக்கா. இன்னொன்று, அவள் குப்பி கழுவும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவள் முணுமுணுத்ததை எல்லாம் கேட்டே மனப்பாடம் செய்துவிட்ட தம்பி.

இப்படி இருக்கும்போதுதான் போர் வந்தது.

ஒரு மலைக்காகப் போர். மலையில் மரம் கிடையாது, தண்ணீர் கிடையாது, ஆடு மேய்க்கக்கூட யாரும் போவதில்லை. இத்தனை காலமும் அதைத் திரும்பிப் பார்க்காத இரண்டு நாடுகளுக்கும் திடீரென்று அதன்மேல் உயிர் போகிற ஆசை வந்துவிட்டது. அந்த நாட்டிலும் இதே பிரார்த்தனைக் கூடங்கள்தான், இதே புத்தகம்தான், நாடாகூடச் சிவப்புதான். அங்கே இருந்த குருக்கள் அவர்கள் வெல்ல வேண்டும் என்று ஜெபித்தார்கள். இங்கே நம் குரு நாம் வெல்ல வேண்டும் என்று ஜெபித்தார்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போய்க் கேட்டா கடவுள் யாருக்குத்தான் குடுப்பாரு?" என்று அக்கா தரை துடைத்துக்கொண்டே கேட்டாள். குரு காதில் விழாததுபோல் போய்விட்டார்.

மூன்றாம் வாரம் அக்கா மகனுக்கு ராணுவத்தில் சேரச் சொல்லி ஓலை வந்தது. வெள்ளிக்கிழமை காலை ராணுவ லாரியில் ஏற வேண்டும். பையனுக்கு இருபத்திரண்டு வயது, செருப்புக்கடையில் வேலை, ஊரில் நெட்டை என்று பெயர். ஆறடி இரண்டங்குலம் வளர்ந்த அவன் சுவரில் பல்லியைப் பார்த்தால் நாற்காலிமேல் ஏறி நிற்பான். ஷேவ் செய்யும்போது கீறி இரண்டு முறை மயங்கி விழுந்ததால் தாடியே வைத்துக்கொண்டான். அவனைப் பரிசோதித்த ராணுவ டாக்டர் "மிகத் தகுதி" என்று எழுதிவிட்டார்.

அக்கா ஓலையை எடுத்துக்கொண்டு குருவிடம் போனாள். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்க" என்றாள். குரு அவளை உட்கார வைத்து, தியாகத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அவருக்குப் பிள்ளை இல்லை. தியாகத்தைப் பற்றித் தடையில்லாமல் பேச அது வசதி. முடிவில், "உனக்கு விசுவாசம் குறைஞ்சுபோச்சு. கொஞ்ச நாள் வீட்ல இரு" என்றார். அக்கா இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைத்தாள், துடைப்பத்தை மூலையில் சாத்தினாள், நேராக நகராட்சி அலுவலக வாசலில் போருக்கு எதிராக உட்கார்ந்திருந்த கூட்டத்தில் போய் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்தவளுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. போலீஸின் தண்ணீர் பீய்ச்சும் வண்டி பழுதாகிக் கிடப்பதும், அதற்குப் பதில் நகராட்சி வண்டியைக் கேட்டிருப்பதும் ஊருக்கே தெரிந்திருந்தது.

"டேய்."

தம்பியின் கை காதுக்குப் போனது.

"நாளைக்கு மறுநாள் கூட்டத்தைக் கலைக்க உன் வண்டியத்தான் கொண்டாறாங்களாம். முன்வரிசையில நான் இருப்பேன். ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு உன் வண்டித் தண்ணி எம்மேல பட்டுச்சுன்னா, அன்னையோட உனக்கு அக்கா இல்ல, எனக்குத் தம்பி இல்ல."

"சரிக்கா" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். ஓட்ட மாட்டேன் என்றால் வேலை போய்விடும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வேறு எவனாவது ஓட்டுவான், அவன் அக்கா தலைமேல் முழு வேகத்தில் அடிப்பான். அக்கா இல்லாத ஒரு நாளைக் கற்பனை செய்து பார்த்தார். காலையில் எழுந்து யாருக்குப் பயப்படுவது என்றே தெரியவில்லை.

மறுநாள் புதன்கிழமை. ராணுவ லாரிகளுக்கு மைதானத்தில் ஆசீர்வாதம் என்று ஏற்பாடு. தூசி பறக்காமல் மைதானத்தை நனைக்கச் சொல்லி தண்ணீர் வண்டியை அனுப்பினார்கள். அவர் நனைத்து முடித்து, டேங்கை மறுபடி நிரப்பிக்கொண்டு வந்து வெளியே போக வழி பார்த்தபோது, வழியில் எட்டு லாரிகள் வரிசையாக வந்து நின்றுவிட்டன. பின்னால் எடுத்தால் போகலாம். பின்னால் எடுக்க இருபத்தாறு வருடத்தில் அவர் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு ராணுவக்காரர் ஓடிவந்து, "அங்கேயே நில்லுய்யா, ஒன்பதாவதா நில்லு, வரிசை நேரா இருக்கணும்" என்று கத்தினார். நின்றுவிட்டார்.

குரு வந்தார். பக்கத்தில் ராணுவ அதிகாரி, பின்னால் வரவேற்புக் குழு. முதல் லாரி முன் நின்று, நாடா இருந்த இடத்தில் புத்தகத்தைத் திறந்து, பாதிக் கண்ணை மூடினார்.

"பாத்திரமே, இன்று முதல் நீ தூய்மை."

"ஆகட்டும்!" என்றது மைதானம்.

தண்ணிவண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீரன்றி வேறொன்றும் உன்னுள் தங்காதிருக்கட்டும்."

"ஆகட்டும்!"

"காலோ கருவியோ உன்னுள் நுழையாதிருக்கட்டும்."

"ஆகட்டும்!" இதில் ராணுவ அதிகாரியின் குரல்தான் ஓங்கி ஒலித்தது.

இது தண்ணீர் நாளின் ஜெபம். போன தண்ணீர் நாளுக்கு அக்கா எடுத்து வைத்திருந்த நாடா, அவள் சாவியை வைத்துவிட்டுப் போன பிறகு அங்கேயே கிடக்கிறது. நடுவில் இருந்த நாட்களில் நாடா எப்படி அங்கே திரும்பிப் போனது என்று எனக்குத் தெரியாது. நீங்களும் அவசரப்பட்டுக் கேட்க வேண்டாம். குரு எட்டு லாரிகளையும் பாத்திரங்கள் ஆக்கிவிட்டு ஒன்பதாவதாக இவரிடம் வந்தார். ஒன்பதாயிரம் லிட்டர் தண்ணீர் ததும்பும் வண்டியைப் பார்த்தும் அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. அதே ஜெபத்தைப் படித்து, வண்டியின் விளக்கைத் தொட்டு ஆசீர்வதித்து, காரில் ஏறிப் போய்விட்டார். இவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பயத்தில் சொல்லியிருப்பார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நகராட்சி அலுவலகத் தெருவில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். எதிரே நானூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "எங்க பசங்களைத் திருப்பிக் குடு", "மலையை நீயே வெச்சுக்கோ" என்று அட்டைகள். ஒருவர் மட்டும் "எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வருவதில்லை" என்ற அட்டையைப் பிடித்திருந்தார். அவர் வேறு விஷயமாக வந்தவர். பேச்சுத்துணை நன்றாக இருந்ததால் ஒரு வாரமாக அங்கேயே தங்கிவிட்டார். முன்வரிசை நடுவில் மடக்கு நாற்காலியில், முட்டிவலிக்குத் துணி சுற்றிக்கொண்டு, அக்கா. தம்பியைப் பார்த்ததும் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். ஒரு சொட்டு.

நடுவில் கேடயம் பிடித்த காவலர்கள். இன்ஸ்பெக்டர் வண்டிக் கதவைத் தட்டினார்.

"யோவ், குழாயைத் திருப்பு. முன்வரிசையிலேர்ந்து ஆரம்பி."

"சார், முன்வரிசையில எங்க அக்கா இருக்காங்க."

"அப்ப ரெண்டாவது வரிசையிலேர்ந்து ஆரம்பி."

"தண்ணி அவ்வளவு தூரம் போகாது சார். இது செடிக்கு விடற பம்பு."

இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இப்ப நீ அடிக்கல, நான் ஏறி அடிப்பேன். அஞ்சு எண்றதுக்குள்ள முடிவு பண்ணு. ஒண்ணு."

தண்ணிவண்டிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ரெண்டு" என்றார் இன்ஸ்பெக்டர். அக்காவின் விரல் இறங்கவில்லை. "மூணு." பயம் நெஞ்சுக்குழி வரை வந்து, தொண்டையைத் தாண்டி, வழக்கம்போல உண்மையாக வெளியே வந்தது. கையில் ஒலிபெருக்கியின் மைக் இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"இது மந்திரிச்ச தண்ணி!"

தெரு முழுக்கக் கேட்டது. கேடயங்கள் திரும்பின. அட்டைகள் இறங்கின.

"என்னடா உளர்ற?" என்றாள் அக்கா நாற்காலியிலிருந்து.

"நேத்து குரு மந்திரிச்சாருக்கா. சத்தியமா. மைதானத்துல."

"எந்த ஜெபம்?"

அவர் மைக்கிலேயே சொல்ல ஆரம்பித்தார். "பாத்திரமே, இன்று முதல் நீ தூய்மை."

"ஆகட்டும்" என்றது தெரு. பழக்கதோஷம். நானூறு பேரும் சொன்னார்கள், நாற்பது காவலர்களும் சொன்னார்கள். "நாலு" என்று சொல்ல வாயெடுத்த இன்ஸ்பெக்டரும் அதையேதான் சொன்னார்.

அக்கா மெல்ல எழுந்தாள். தண்ணீரைப் பார்த்து ஓட வேண்டிய கூட்டம் தண்ணீரை நோக்கி ஓடிவந்தது. பாட்டில், டம்ளர், குடை, ஹெல்மெட் என்று கையில் கிடைத்ததை எல்லாம் நீட்டினார்கள். காவலர் ஒருவர் கேடயத்தைக் கவிழ்த்துத் தட்டுபோல் பிடித்தார். வீட்டில் மூன்று வருடமாக மாமியாருக்கு இடுப்புவலியாம்.

"நில்லுங்க!" என்று அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டிடத்துப் புறாக்கள் பறந்தன. "மந்திரிச்ச தண்ணி தரையில சிந்தக் கூடாது. குப்பியில கையாலதான் குடுக்கணும். எல்லாரும் வரிசையில நில்லுங்க. போலீஸ்காரங்களும்தான். சார், நீங்க எங்க முந்தறீங்க?"

இன்ஸ்பெக்டர் பின்வாங்கினார். பிறகுதான் தான் யார் என்பது அவருக்கு நினைவு வந்தது. "ஏம்மா, கூட்டம் கூடக் கூடாதுன்னு உத்தரவு இருக்கு."

"இது கூட்டம் இல்ல சார், வரிசை. வழிபாட்டுக்கு விலக்குன்னு உங்க உத்தரவுலயே இருக்கு. மூணாவது வரி. படிங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து உத்தரவை எடுத்துப் படித்தார். மூன்றாவது வரி அங்கேதான் இருந்தது. தலையைச் சொறிந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று குருவுக்கே போன் போட்டார்.

குரு கால் மணியில் வந்துவிட்டார். வரும்போதே, "இது சாதாரணத் தண்ணி. எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்று கையை உயர்த்தினார்.

அக்கா அவர் எதிரில் வந்து நின்றாள். "நேத்து நீங்க இந்த வண்டிக்கு முன்னாடி நின்னு ஜெபம் சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

"அப்ப அது பலிக்கலையா?"

நானூறு பேர், நாற்பது காவலர்கள், ஒரு இன்ஸ்பெக்டர் எல்லோரும் குருவின் வாயைப் பார்த்தார்கள். பலிக்கவில்லை என்றால் முப்பது வருட ஜெபத்துக்கும் அதே கதி. பலித்தது என்றால் ஒன்பதாயிரம் லிட்டர். அவருக்கு முழி பிதுங்கியது.

"பலிச்சுது" என்றார் கடைசியில், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஆகட்டும்" என்றது வரிசை.

அக்கா அதோடு விட்டிருக்கலாம். விடுகிறவளா அவள்? வண்டியைப் பார்த்துத் திரும்பினாள். "டேய், உனக்கு முன்னாடி நின்ன எட்டு லாரிக்கும் என்ன ஜெபம் சொன்னாரு?"

"இதேதான்கா. எல்லாத்துக்கும் இதே ஜெபம்தான்." மைக் இன்னும் கையில்தான் இருந்தது.

குரு புத்தகத்தைத் திறந்தார். இம்முறை இரண்டு கண்ணையும் முழுசாகத் திறந்து படித்தார். வரி வரியாக அவர் முகம் வெளுத்துக்கொண்டே போவதை முன்வரிசை கண்ணாரக் கண்டது.

"நாடா... நாடாவை ஏன் யாரும் மாத்தல?"

"நான்தான் மாத்துவேன்" என்றாள் அக்கா. "என்னத்தான் நீங்க வீட்டுக்குப் போகச் சொல்லிட்டீங்களே."

குப்பை வண்டிக்காக வந்தவர்தான் முதலில் சிரித்தார்.

"அப்ப எட்டு லாரியும் பாத்திரம்" என்று அக்கா நிதானமாகச் சொன்னாள். "அதுக்குள்ள கால் படக் கூடாது. கருவி போகக் கூடாது. நான் சொல்லல, நீங்க சொன்னது. ராணுவமே ஆகட்டும்னு சொல்லியிருக்கு."

குருவுக்குச் சட்டென்று ஒரு வழி தோன்றியது. "உப்புத் தண்ணி விட்டுக் கழுவிட்டா கட்டு நீங்கிடும்! புத்தகத்துலயே இருக்கு."

"இருக்கு. யாரு கழுவணும்னு இருக்கு?"

குரு அடுத்த வரியைப் படித்தார். குப்பி கழுவுகிறவர் கழுவ வேண்டும் என்று இருந்தது. ஊரில் குப்பி கழுவுகிறவர் ஒருத்திதான்.

"எனக்கு முட்டிவலி" என்று சொல்லிவிட்டு அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை மைதானத்தில் நூற்றிருபது பையன்கள் மூட்டையோடு நின்றார்கள். லாரியில் ஏறச் சொன்னபோது ஒருவனும் காலைத் தூக்கவில்லை. வாழ்நாளில் பிரார்த்தனைக் கூடத்து வாசலை மிதித்தறியாத பையன்களுக்கு எல்லாம் அன்றைக்கு விசுவாசம் பொங்கி வழிந்தது. நெட்டைதான் முதல் ஆளாக, "சார், பாத்திரத்துல எப்படி சார் கால் வைக்கிறது? பாவம் இல்லையா சார்?" என்று கேட்டான். ராணுவ அதிகாரி உறுமினார். ஆனால் முதல் லாரியின் டிரைவரே சீட்டில் உட்கார மறுத்துக் கீழே நின்றுகொண்டிருந்தார்.

அதிகாரி தலைநகரத்துக்கு வேறு லாரி கேட்டு எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று ஒரு நாள் முழுக்க யோசித்து, "வாகனங்கள் பாத்திரங்களாகிவிட்டன" என்று எழுதினார். தலைநகரத்தில் அதைப் படித்தவர்கள், விளக்கம் தரவும் என்று திருப்பி அனுப்பினார்கள். விளக்கம் போனது. விளக்கத்துக்கு விளக்கம் கேட்டு வந்தது. லாரி மட்டும் வரவில்லை.

கூடத்திலிருந்து குப்பிகள் வந்தன, வரிசை தெருவில் தொடர்ந்தது. குப்பியை வாங்கியவர்கள் அட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி கடைசியில் போய் நின்றார்கள். மந்திரித்த தண்ணீர் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும்போது அதோடு சேரும் புதுத் தண்ணீரும் மந்திரித்ததாகும் என்று புத்தகத்தில் இன்னொரு வரி இருந்தது. அதனால் தண்ணிவண்டி தினமும் சாயங்காலம் கால் டேங்க் மிச்சம் வைத்து, பம்ப் ஹவுஸில் போய் நிரப்பிக்கொண்டு வந்தார். நேராகப் போய் நேராகவே வந்தார். பின்னால் எடுக்க வேண்டாம் என்பதற்காக ஊரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். போகிற வழியில் செடிகளுக்கும் கொஞ்சம் விட்டார். அது தரையில் சிந்துவதாகாதா என்று மனசு உறுத்தியது. செடி தரை இல்லை என்று தீர்மானித்துக்கொண்டார். அந்த வருடம் நடுத்திட்டில் அரளி பூத்த மாதிரி அதற்கு முன்னும் பூக்கவில்லை, பின்னும் பூக்கவில்லை.

நான்காம் நாள் குப்பை வண்டி வந்தது. அட்டைக்காரர் அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் "போர் வேண்டாம்" என்று எழுதிக்கொண்டார். வந்த இடத்தில் இருந்துவிட்டுப் போவோமே என்றார்.

பன்னிரண்டாம் நாள் இரண்டு நாடுகளும் பேச ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது. மலையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாம் தன் ஜெபத்தால்தான் என்று குரு சொன்னார். ராணுவத்தின் ஆயத்தத்தைப் பார்த்து எதிரி பயந்துவிட்டான் என்று அதிகாரி சொன்னார். மக்கள் சக்தி என்று வரிசையில் நின்றவர்கள் சொன்னார்கள். இன்ஸ்பெக்டருக்குத் தோள்வலி போய்விட்டது.

பக்கத்து ஊரில் மட்டும் கொண்டாட்டம் இல்லை. அங்கே குரு சரியான பக்கத்தைத் திறந்திருந்தார். லாரிகள் முதல் வெள்ளிக்கிழமையே கிளம்பிப் போயின. ஏழு பையன்கள் திரும்பவில்லை. அதைக் கேட்ட அன்று அக்கா சாப்பிடவில்லை. "அந்த ஊர்லயும் நாடா வைக்கிறவ ஒருத்தி இருந்திருப்பாளே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கடைசி நாள் வரிசை தீர்ந்தபோது, முப்பது வருட வழக்கப்படி எல்லோருக்கும் பிறகு அக்கா தன் குப்பியை நீட்டினாள். தண்ணிவண்டி பின்பக்கக் குழாயைத் திறந்தார். அது பழைய குழாய், சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டியது. அன்றைக்கென்று அந்த டியூப் நழுவியது. ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு, துள்ளி அக்காவின் மணிக்கட்டில் விழுந்தது.

அவர் அவசரமாகக் குழாயை மூடினார்.

"அக்கா... பட்டுடுச்சு."

அக்கா மணிக்கட்டைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். அந்தச் சொட்டை விரலால் தொட்டு அவர் நெற்றியில் தடவினாள்.

"மந்திரிச்ச தண்ணிடா. இது கணக்குல சேராது."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. நிறைந்த கையோடு பயமும் வந்தது. பயம் வந்தால் என்ன ஆகும் என்பதுதான் தெரியுமே.

"அக்கா, நேத்து காலி பண்ணிட்டுத்தான் நிரப்பினேன். கால் டேங்க் மிச்சம் வைக்க மறந்துட்டேன். இது வெறும் பம்ப் ஹவுஸ் தண்ணிக்கா."

"வாய மூடு" என்றாள் அக்கா. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். பிறகு குப்பியை மூடி இடுப்பில் செருகினாள். "வண்டிய எடு. நெட்டை பசியோட உட்கார்ந்திருப்பான். நீயும் வந்து சாப்பிடு."